ஏடா லவ்லேஸ் சீமாட்டியார்

கற்பனை கவிஞர்க்கே உரிய செல்வம் என்றும், கணிதமும் பொறிநூலும் அதற்குப் புறம்பானவை என்றும் கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதைத் தம் குறுகிய வாழ்நாளிலே நிறுவிக் காட்டியவர் ஏடா லவ்லேஸ் சீமாட்டியார். பொறிகளின் இயல்பை இளம் பருவத்தினர்க்கு அறிமுகம் செய்தல் எத்துணைப் பயன் விளைக்கும் என்பதற்கும் அவர்தம் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

இவ்வம்மையார் 1815ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பெரும்புகழ் வாய்ந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. தாயார் கணிதத்தில் ஈடுபாடு மிக்க அன்னபெல்லா. குழவி பிறந்து ஒரு திங்கள் கழிந்த அளவிலே பெற்றோர் பிரிந்தனர். 1816இல் இங்கிலாந்தைவிட்டு நீங்கிய பைரன் தம் மகளை மீண்டும் கண்டாரல்லர். 1824இல் கிரேக்க நாட்டில் உயிர் துறந்தார். கணவரது கட்டுக்கடங்கா உள்ளப்போக்கு மகளையும் பற்றுமோ என அஞ்சிய தாயார், அதற்கு மருந்தெனக் கணிதத்தையே தேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வாயில் பெண்டிர்க்கு அடைபட்டுக் கிடந்த அக்காலத்தில், ஆசிரியரை வீட்டிற்கே வருவித்து மகளுக்குக் கல்வி புகட்டினார்.

ஆயினும் கற்பனை அடங்கவில்லை. வேறு வழியிற் பாய்ந்தது. 1828இல், பன்னிரண்டு வயதுச் சிறுமியாகிய ஏடா, வானிற் பறக்க வேண்டும் என்று அவாவினார். வெறுங் கனவாக அதனை விட்டாரல்லர். பறவையின் உடலுக்கும் சிறகுக்கும் உள்ள அளவுப் பொருத்தத்தை ஆராய்ந்தார். காகிதம், பட்டு, கம்பி, இறகு ஆகியவற்றுள் எவை சிறகமைக்க ஏற்றவை என எண்ணிப் பார்த்தார். நீராவியால் இயங்கும் பறக்கும் பொறி ஒன்றையும் கருத்தில் வரைந்தார். பொறியாளர் செய்வதும் இதுவேயன்றோ! மறு ஆண்டில் மணல்வாரி நோய் கண்டு நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தும், பின்னர் ஊன்றுகோல் கொண்டு நடந்தும், அவர் கல்வியைக் கைவிட்டிலர்.

1833ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பதினேழு வயதில், கணிதப் பேரறிஞராகிய சார்லஸ் பாபேஜை ஏடா கண்டார். கூட்டலையே மீண்டும் மீண்டும் புரிந்து கணித அட்டவணைகளை வகுக்கும் வேற்றுமைப் பொறியின் ஒரு பகுதி அப்பொழுது பாபேஜின் இல்லத்தில் இருந்தது. வந்த விருந்தினரெல்லாம் அதனை ஒரு வேடிக்கைப் பொருளாக நோக்கி நிற்க, இவ்விளம் பெண்ணோ அதன் இயக்கத்தை உணர்ந்து வியந்தார். மேரி சாமர்வில் என்னும் விஞ்ஞான அறிவு சான்ற அம்மையார் நூலும் அறிவுரையும் ஈந்து அவரை ஊக்கினார். 1834இல் தாயுடன் தொழிற்சாலைகளைக் காணச் சென்றபொழுது, துளையிட்ட அட்டைகளின் ஏவல்வழி பூவேலைத் துணி நெய்யும் ஜக்கார்டு தறியினையும் கண்டார்.

1835இல் வில்லியம் கிங் என்பாரை மணந்து மூன்று மக்களுக்குத் தாயானார். கணவர் 1838இல் லவ்லேஸ் பிரபு ஆனமையின், இவரும் அப்பெயர் பெற்றார். இல்லறச் சுமைக்கு இடையே, 1840 முதல் டி மார்கன் என்னும் கணிதப் பேராசிரியரிடம் கடிதவாயிலாகப் பாடங் கேட்டார். ஆழ்ந்த கணிதம் பெண்ணுடலைத் தளர்த்திவிடும் என அஞ்சிய அவ்வாசிரியரும், இவரது ஆற்றல் அரிதென்பதை மறுத்திலர்.

பாபேஜ் பின்னர்ப் பகுப்புப் பொறி என்னும் பெரிய பொறி ஒன்றை வகுத்தார். எண்களைச் சேமிக்கும் பகுதியும் கணக்கிடும் பகுதியும் வேறு வேறாக உடையது அது; தறியிற் போலவே துளையிட்ட அட்டைகளால் ஏவப்படுவது. மெனாப்ரியா என்னும் இத்தாலியர் அதுபற்றிப் பிரெஞ்சு மொழியில் வரைந்த கட்டுரையை ஏடா ஆங்கிலத்திற் பெயர்த்து, 1843இல் தம் குறிப்புகளுடன் வெளியிட்டார். குறிப்புகள் கட்டுரையினும் பன்மடங்கு நீண்டன. பெர்னூலி எண்களைப் பொறி படிப்படியாகக் கணிக்கும் முறையை அவற்றுள் ஓர் அட்டவணை விளக்கிற்று. அதனை அச்சேறிய முதற் கணிப்பொறி நிரல் என்பர் பலர். அதில் பாபேஜின் பங்கு எத்துணை என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். எனினும், எண்ணை மட்டுமன்றி, விதிக்குட்பட்டதாயின் இசையினையும் அத்தகைய பொறி அமைக்கலாகும் என்ற தொலைநோக்கு ஏடாவினுடையதே. எண்களின் உறவைக் கணிதம் காட்டிற்று. அதற்கப்பால் நோக்கக் கற்பனை கண் கொடுத்தது. தாயார் அடக்க நினைத்ததும் வளர்த்ததும் ஈண்டு ஒன்றாயின.

பகுப்புப் பொறி அவர் வாழ்நாளில் உருப்பெறவில்லை. குதிரைப் பந்தயத்தில் பொருளிழந்து கடனுற்றதும் அவர் வாழ்வின் ஒரு குறையே. கொடிய புற்றுநோயால் 1852ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், தந்தையார் இறந்த அதே முப்பத்தாறாம் வயதில், அவர் உயிர் நீத்தார். அவர் விருப்பின்படி, வாழ்வில் கண்டறியாத தந்தையின் அருகிலேயே ஹக்னல் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். 1979இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கணிப்பொறி மொழி ஒன்றிற்கு ஏடா எனப் பெயர் சூட்டியது.

நண்பர்காள்! ஏடாவுக்கு ஆசிரியரும் நூலும் வாய்த்தமைக்குக் காரணம் அவர்தம் செல்வக்குடிப் பிறப்பு. அவரையொத்த அறிவுடைய ஏழைச் சிறுமியர் எத்துணைப் பேர் அந்நாளில் ஒரு பொறியையும் அணுகிக் காணாது மறைந்தனரோ! பிரபுவின் மகளுக்கு வீட்டில் கிட்டிய அவ்வாய்ப்பைச் சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் அளித்தல் கற்றோர் கடன். பொறியைத் திறந்து காட்டுவோம். வினாவும் பிள்ளையை வாயடைக்காதிருப்போம். பறக்க விழையும் சிறுமியை நகையாது, சிறகின் அளவு யாதென வினவுவோமாக.