நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

தல்லாகுளத்துத் தமுக்கம் மைதானத்தைக் கடந்து செல்லாத கல்லூரி மாணவர் மதுரையில் இலர். சித்திரைத் திங்களில் அங்கே பொருட்காட்சி நடைபெறும். திருவிழாக் காலம் வந்ததும் மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலே வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா முதலிய நாடகங்கள் இரவு முழுதும் நிகழும். அவற்றின் ஆர்மோனிய ஓசையைத் தொலைவிலிருந்து கேட்டோர் நம்மிற் பலர். அருகிற் சென்று விடியுமட்டும் அமர்ந்திருந்தோர் மிகச் சிலர். யாமும் அப் பலருள் ஒருவராகவே நெடுநாள் இருந்தோம். நாடகத்தில் பற்றுடையோம் என்று சொல்லிக்கொண்டே அந் நாடகங்களை ஒருமுறையேனும் முற்றக் காணாது இகழ்ந்து வந்தோம். அவ்விகழ்ச்சி எங்கிருந்து பிறந்தது, அது நேரியதுதானா என்பவற்றை, அந் நாடகங்களுள் மிகப் பலவற்றை இயற்றியருளிய பெரியாரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இச் சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு செப்டெம்பர் 7-ஆம் நாள் தூத்துக்குடிக்கு அணித்தான காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை. இராமாயணத்தில் அவருக்கிருந்த பயிற்சி நோக்கி ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தனர். மைந்தருக்கு இட்ட பெயர் சங்கரன். அவருக்குத் தந்தையாரே முதலாசிரியர். பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டு, வெண்பாவும் கலித்துறையும் சந்தப் பாக்களும் விரைந்து பாடும் ஆற்றலை இளமையிலேயே எய்தினார். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையொன்றிற் கணக்கராக அலுவல் பார்த்தார். ஆயினும் கணக்கேட்டில் அவர் உள்ளம் பொருந்தவில்லை. தமது இருபத்து நான்காம் வயதில், அதாவது 1891-ஆம் ஆண்டில், அவ்வலுவலை விடுத்து நாடகத் தொழிலை மேற்கொண்டார்.

அந்த 1891-ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் பெரிதும் நினைக்கத்தக்கது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அவர்களின் மனோன்மணீயம் நூலாக வெளிவந்தது அவ்வாண்டிலேதான். பம்மல் சம்பந்த முதலியார் அவர்கள் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவியதும் அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலேதான். ஆகவே, படித்து இன்புறும் நாடகம், கற்றோர் பொழுதுபோக்காக நடிக்கும் நாடகம், வயிற்றுப்பிழைப்புக்காக ஊரூராய்ச் சென்று நடிக்கும் நாடகம் என்ற மூவகையும் ஓராண்டிலேயே புதுவலி பெற்றன. மூன்றும் ஒருதாய் மக்கள் எனலாம். ஆயினும் உடன்பிறந்தார் மூவரும் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்தனர் என்று சொல்லுதற்கில்லை.

முதலியாரவர்கள் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். மனோகராவை நமக்கு அளித்தவர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெத்தை அமலாதித்யனாகத் தமிழ் மேடையில் உலவவிட்டவர். அத்தகையோரும் இளமையில் தமிழ் நாடகங்களை அறவே வெறுத்திருந்தார். தம் நாடக மேடை நினைவுகளில் அதனை அவர் ஒளியாது ஒப்புக்கொள்ளுகின்றார். பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ணமாசாரியாரின் குழுவினர் நடித்த தெலுங்கு நாடகங்களைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறியது. அக் குழுவின் தலைவரோ வழக்கறிஞர். இதனை ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். நாடகம் என்ற கலை அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. இடையில் மாறியது, அதனை ஆடுவோர் யாவர் என்பதே. படித்தவரும் பதவியுடையவரும் ஆடக் கண்டபோது இகழ்ச்சி நீங்கி வேட்கை பிறந்தது.

எனினும், சபையினர்க்கு ஓர் இடர் எஞ்சியிருந்தது. வக்கீல்களும் அலுவலாளரும் அரிதாரம் பூசுவதைக் கண்ட உலகம் அவர்களையும் கூத்தாடிகள் என்று பழிக்கக்கூடும். அப் பழிக்கு அஞ்சியோர், தாம் வேறு, தொழிற்குழுவினர் வேறு என்று காட்டவேண்டியவராயினர். எம் நாடகத்தில் உரைநடை மிகுதி, அவர் நாடகத்திற் பாட்டே மிகுதி. எமது சில மணி நேரத்தில் முடியும், அவரது விடியும்வரை நீளும். எமக்கு ஒழுங்குண்டு, அவர்க்கு இல்லை என்றெல்லாம் வேற்றுமைகள் வகுக்கப்பெற்றன. தொலைவிலுள்ளதை எவரும் இவ்வளவு கடுமையாக வெறுப்பதில்லை. தம்மோடு ஒன்றாக எண்ணப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தைத் தரும் அண்டைவீட்டையே மனிதர் மிகவும் வெறுப்பர்.

இவ்வியல்பு நம் நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்காவில் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளும், மேற்றிசை எல்லைநாட்டுக் குதிரைவீரர் கதைகளும் ஒரேவகையான மலிவுத்தாள் இதழ்களில் வளர்ந்தவை. கற்றோர் இரண்டினையும் இலக்கியமென்று கொள்ள மறுத்தனர். அங்ஙனமிருந்தும், 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் தோன்றிய காலக்சி என்னும் விஞ்ஞானக் கதையிதழ், தன் முதலிதழின் பின்னட்டையில் குதிரைவீரன் கதைப்பகுதி ஒன்றையும், அதனையே விண்கலக் கதையாக மாற்றிய பகுதி ஒன்றையும் அருகருகே அச்சிட்டு, இத்தகைய கதைக்குத் தன்னிடம் இடமில்லை என்று பறைசாற்றிற்று. தன் இனத்துக் கதையொன்றைப் பழிக்க அவ்விதழ் கண்ட கடுஞ்சொல், அது மாறுவேடம் பூண்ட குதிரைவீரர் கதை என்பதே. சென்னைச் சபையில் கூத்தாடி என்ற சொல் செய்த வேலையை அங்கே அது செய்தது.

இனிச் சுவாமிகளின் வரலாற்றைத் தொடர்வோம். அவர் முதலில் நடிகராகவே விளங்கினார். இராவணன், இரணியன், எமன், சனீசுவரன் போன்ற அச்சந்தரும் வேடங்களே அவர்க்கு உரியனவாயின. நளதமயந்தி நாடகத்திற் சனீசுவரனாக நடித்த ஓர் இரவு கழிந்து, விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது, அவ்வுருவைக் கண்ட பெண்ணொருத்தி அதிர்ச்சியால் உயிர்நீத்தாள் என்றும், அதனால் மனம் நொந்து அவர் வேடம் புனைவதை விட்டார் என்றும் சொல்லுவர். அதன்பின் நாடகம் எழுதுவதும் பயிற்றுவதுமே அவர் தொழிலாயின.

இடையில் அவர்க்குப் பற்றற்ற உள்ளம் மேலிட்டது. கூழைக் குடித்துக் கோயில் கோயிலாகத் திரிந்தார் என்று சொல்லத்தக்க வகையில் தலயாத்திரை செய்தார். சங்கரன் என்றிருந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது அக்காலத்தேதான். யாத்திரையில் அவர் புதுக்கோட்டையை அடைந்தபோது, கஞ்சிராவில் நிகரற்ற மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுப் போற்றினார். அங்கே தாள நுட்பங்கள் பலவற்றைச் சுவாமிகள் அறிந்தார். இலக்கணப் புலமையோடு லயஞானமும் கூடிய பின்னரே, பாமரரும் பாடத்தக்கதும் புலவரும் குறைகூறாததுமான அவரது பாட்டுமுறை முதிர்ச்சியடைந்தது.

அவர் இயற்றிய நாடகங்கள் அறுபத்தெட்டு எனக் கணக்கிடுவர். அவற்றுட் சிலவே இன்று அச்சிற் கிடைக்கின்றன. புராணக் கதைகளையே திருப்பித் திருப்பி எழுதினார் என்பார் அப்பட்டியலை நோக்குவாராக. வள்ளி திருமணத்தோடு சிலப்பதிகாரத்துக் கோவலனும், நாட்டுக்கதையாகிய நல்லதங்காளும், கிறிஸ்தவ மக்களிடையே வழங்கிய ஞானசௌந்தரியும் அதிலுண்டு. வடமொழி மிருச்சகடிகத்தையும், ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியத்தையும் அவர் தமிழாக்கினார். சபையார் நீர் முகந்த ஷேக்ஸ்பியர் என்னும் கிணற்றிலேயே இகழப்பெற்ற தொழிற்குழுவின் ஆசிரியரும் முகந்திருக்கின்றார். குடம் வேறேயன்றி நீர் வேறன்று.

அவரது புலமைக்கு மதுரையில் நிகழ்ந்ததாக வழங்கும் செய்தியொன்று சான்றாகும். கோவலன் நாடகத்தில், மதுரைக்குச் செல்லவேண்டா என்று கண்ணகி தடுத்துப் பாடும் பாட்டில், இந்நகரத்தாரைப் பெரும்பாவிகள் என்று பொருள்பட ஒரு சொல் வந்தது. நம் நகரத்தார் பொறுப்பாரோ? கொட்டகையில் ஆரவாரம் எழுந்தது. சுவாமிகள் மேடையேறி, அச் சொல்லைப் பிரித்து, திருமகளும் கலைமகளும் மலைமகளும் கூடி வாழும் நகரம் என்று பொருள் விரித்தார். வைதது வாழ்த்தாயிற்று, ஆரவாரம் கைதட்டலாயிற்று. சிலேடையை ஏட்டில் மட்டும் படித்து மகிழும் நாம், அது நள்ளிரவில் ஆயிரம் பேர்முன் ஒருவரைக் காத்து நின்றதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும், தொழிற்குழு நாடகங்களின்மீது கூறப்பட்ட குற்றங்கள் யாவும் பொய்யென்று யாம் வாதிக்க வரவில்லை. பாட்டுப் போட்டியிற் கதை மறைந்துபோதலும், நடிகர் தம் பாத்திரத்தை மறந்து ஒருவரையொருவர் மடக்கப் புகுதலும், குடியும் கட்டுப்பாடின்மையும் அன்றிருந்த குறைகளேயாம். ஆனால் அவற்றைச் சபையாரினும் நன்கறிந்தவர் சுவாமிகளே. இகழ்ந்தோர் விலகி நின்றனர். அவர் உள்ளிருந்தே திருத்த முயன்றார். 1910-ஆம் ஆண்டிற் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் தமிழுலகை இசையால் ஆண்ட செங்கோட்டைக் கிட்டப்பா அவரிடம் பயின்றவருள் ஒருவர். சொல்லிக்கொடுத்ததைப் பிழையின்றிப் பாடுதற்கும் பேசுதற்கும் சிறுவர்களே தக்கார் எனத் தெளிந்து, 1918-ஆம் ஆண்டில் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அச் சபையில் வளர்ந்தவர்களே. அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் உரையாடலுமாகச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியை உலகுக்குச் சொன்னவர், அவர்களுள் ஒருவராகிய டி. கே. சண்முகம் அவர்கள்.

இத்தனை சொற்களை ஈந்தவரின் இறுதிக்காலம் இரங்கத்தக்கது. வாதநோய் அவரைப் பற்றியது; நாவும் கையும் செயலிழந்தன. நூற்றுக்கணக்கான சிறுவர்க்குப் பேசக் கற்பித்தவர் பேச்சின்றி இருந்தார். அந்நிலையிலும் அவர் குழுவை விட்டுப் பிரிந்திலர். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் அவர் ஆவி பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். மனைவி மக்களோ திரட்டிய பொருளோ அவர்க்கு இல்லை, மாணாக்கரே சுற்றம்.

காலம் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. மதுரையில் அவர்க்குச் சிலையும் உண்டு. சபை நாடகமும் தொழிற்குழு நாடகமும் ஒன்றையொன்று வென்றுவிடவில்லை. டி. கே. எஸ். சகோதரர்கள் சுவாமிகளிடம் கற்ற பாட்டோடு உரைநடை நாடகத்தின் கட்டுப்பாட்டையும் சேர்த்தே தம் மேடையை உயர்த்தினர். பகைமை பார்ப்பவரிடத்து இருந்ததேயன்றிக் கலைகளிடத்து இருந்ததில்லை.

அன்பர்களே! எவருக்கும் எல்லாவகை நூலும் நாடகமும் இன்பந்தருதல் இயலாது. கண்டபின் எனக்கு உவப்பில்லை என்பது சுவை. காணாமலே அது தாழ்ந்தது என்பது செருக்கு. தாழ்ந்த மாதிரியொன்றைக் கொண்டு ஓரினம் முழுவதையும் அளத்தலும், நாம் விரும்புவதன் சிறந்ததைப் பிறர் விரும்புவதன் இழிந்ததோடு ஒப்பிடுதலும் நீதியாகா. இவ்வாண்டுத் திருவிழாவில், நண்பர் இருவரோடு யாம் ஒரு சிற்றூருக்குச் சென்று வள்ளி திருமணம் கண்டோம். இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. சலிப்புத் தந்த பகுதிகளும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால், வள்ளியும் வேடனும் வினாவும் விடையுமாக மாறிமாறிப் பாடிய வேளையில், எம் அருகிருந்த முதியவள் ஒவ்வோர் அடியையும் நடிகர்க்கு முன்னரே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எழுத்தறியாத அவளுக்குச் சந்தமும் எதுகையும் யார் கற்பித்தார்? தமிழ் கற்கின்றோம் என்று மார்தட்டிய யாம் அவ்விடத்தில் தலைகுனிந்தோம். விடிந்தபின் தல்லாகுளம் வந்து இறங்கியபோது கண்கள் எரிந்தன, உள்ளம் நிறைந்திருந்தது.