மகிழ மரத்தடிச் சத்தியம்

புத்தளம் மாவட்டக் கடற்கரையில் அமைந்துள்ள உடப்பு, கரைவலைத் தொழிலாலும் அம்பாப் பாடல்களாலும் திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பாலும் பெயர்பெற்ற தமிழ்க் கிராமமாகும். அங்கே தீமிதிப்பு நடைபெறும் ஆடி மாதத்தில்தான், சுவாதி நட்சத்திரத்தன்று, சுந்தரமூர்த்தி நாயனாரின் குருபூசையும் வருகின்றது. உடப்பிலிருந்து இதே கரையோரமாக வடக்கே சென்றால் மன்னார் மாதோட்டத்தில் அவர் பாடிய திருக்கேதீச்சரம் உள்ளது. எனவே இக்கரையோர மக்களுக்கு அவர் அந்நியரல்லர்.

கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் சுந்தரர், திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தார். நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் அவரைத் தம் பிள்ளையாக வளர்த்தார். அவர் பாடியவற்றுள் நமக்குக் கிடைத்துள்ள 100 பதிகங்கள் ஏழாம் திருமுறையாக வகுக்கப்பட்டுள்ளன. அவருடைய திருத்தொண்டத் தொகையே 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு அடிப்படையாயிற்று. அந்தப் பெரியபுராணம் அவரது வாழ்வின் இக்கட்டான பக்கத்தையும் மறைக்காமல் சொல்கின்றது. நாம் இங்கு நினைவுகூர விரும்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

புத்தூரில் சடங்கவியாரின் மகளுக்கும் அவருக்கும் மணம் நிகழவிருந்த வேளையில், முதியவர் ஒருவர் அடிமை ஓலையுடன் வந்து அதனைத் தடுத்தார். வந்தவர் சிவபெருமானே என்பது பின்னர் தெரியவந்தது. சுந்தரர் இறைவனின் தொண்டரானார். மணமேடை வரை வந்த அப்பெண்ணோ வேறு மணம் நாடாமல் அவரையே நினைந்து வாழ்ந்து மறைந்தார்.

பின்னர் திருவாரூர்க் கோயிலில் பரவையாரைக் கண்ட கணமே சுந்தரர் மனத்தைப் பறிகொடுத்தார். அவரையே மணந்து அங்கு வாழ்ந்தார். சில காலத்தின் பின் தலயாத்திரையாகத் திருவொற்றியூர் சென்றவர், இறைவனுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டார். மீண்டும் அதே நிலை. ஆரூரில் மனைவி காத்திருக்க, ஒற்றியூரில் கண்டதும் காதல் பிறந்தது.

சங்கிலியார் ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் குடியில் பிறந்தவர். பெற்றோர் பேசிய மணத்தை மறுத்து, கன்னிமாடத்தில் தவவாழ்வு வாழ்ந்தவர். சுந்தரர் ஆரூரில் மகிழ்ந்து வாழ்பவர் என்பதை அறிந்திருந்த அவர், தம்மைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தாலன்றி மணத்துக்கு இசைவதற்கில்லை என்றார். சுந்தரரோ, சந்நிதியில் செய்யும் சத்தியம் தம்மைக் கட்டிப்போடும் என அஞ்சி, அந்நேரம் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளும்படி இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவன் அதற்கு இசைந்தார். ஆனால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் கேட்கும்படியும் அறிவித்துவிட்டார். தப்ப நினைத்தவர் தாம் விரித்த வலையில் தாமே அகப்பட்டார்.

திருமணம் நடந்தது. வசந்த காலம் வந்ததும் திருவாரூர் விழாவும் பரவையாரும் நினைவில் எழ, அவர் ஒற்றியூரை விட்டுப் புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதுமே இரு கண்களும் ஒளியிழந்தன. கண்டதும் மயங்கிய கண்களே முதலில் பறிபோயின என்பது ஊன்றி நோக்கத்தக்கது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டுமே கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் திரும்பியது. திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கியது. ஆரூரில்தான் வலக்கண்ணும் கிடைத்தது. மன்னிப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை.

ஆரூரிலும் வீட்டுக் கதவு திறக்கவில்லை. நடந்ததை அறிந்திருந்த பரவையாரிடம் இறைவனே இருமுறை தூது செல்ல வேண்டியிருந்தது. முதல்முறை அர்ச்சகர் வடிவில் சென்றவரை அவர் மறுத்தனுப்பினார். இறைவனைத் தூதனுப்பிய செயலைப் பொறாத ஏயர்கோன் கலிக்காமர் சுந்தரர் மீது கடுஞ்சினம் கொண்டார். அவ்வாறு சினந்தவரையும் பெரியபுராணம் அறுபத்து மூவரில் ஒருவராகவே போற்றுகின்றது. அடியவரின் தவறைக் கண்டிப்பது பக்திக்குக் குறைவன்று என்பதே இதன் பொருளாகும்.

இவ்வரலாற்றில் காதல் மலர்ந்தமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கயிலையில் மலர் கொய்யச் சென்ற வேளையில் கமலினி, அநிந்திதை என்னும் இருவர்பால் ஏற்பட்ட விருப்பமே அவரது மண்ணுலகப் பிறப்புக்குக் காரணம் எனப் புராணம் கூறுகின்றது. மனத்தின் சலனம் மனித இயல்பு. தண்டனை கிடைத்தது வாக்கு மீறலுக்கே. ஒருவர் பலரை மணப்பது வழக்கமாயிருந்த அக்காலத்திலும், ஒரு பெண்ணுக்கு அளித்த சத்தியம் இறைவனின் தோழரையும் விட்டுவைக்கவில்லை.

இது சைவர்களுக்கு மட்டுமான பாடமன்று. புத்தளக் கரையில் தமிழரோடு அயலவராய் வாழும் முஸ்லிம் மக்களின் மார்க்கமும் உடன்படிக்கையை நிறைவேற்றுவதைக் கடமையாக்கியுள்ளது. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொண்டவர் அவர்களிடையே நீதி தவறலாகாது என்றும் அது வலியுறுத்துகின்றது. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவரை எதிர்பார்த்து எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கும் இக்காலத்தில், புதிய முகமொன்றைக் கண்டு மனம் தடுமாறும் தருணம் யாருக்கும் வரலாம். அப்போது தமக்காகக் காத்திருக்கும் முகத்தையும் எண்ணிப் பார்ப்பதே அறம்.

இறுதியில் சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையில் கயிலை சேர்ந்தார் என்பது வரலாறு. பரவையாரும் சங்கிலியாரும் கமலினியாகவும் அநிந்திதையாகவும் தம் பழைய நிலையை அடைந்தனர். எனினும், அவர் பிரிந்து சென்ற பின் ஒற்றியூரில் சங்கிலியார் கழித்த நாட்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆண்டுதோறும் ஆடிச் சுவாதியில் நாயனாரை வணங்கும் நாம், மகிழ மரத்தடியில் அவரது வாக்கை நம்பி நின்ற அப்பெண்ணையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நம் கடனாகும்.