ஓர் இரவில் பிறந்த வரைபடம்

சோதனைக் கலப்புக் கணக்கு என்றால் எங்கள் வகுப்பில் பலருக்கும் ஒருவிதக் கிலி. எனக்கும் அப்படித்தான். சாம்பல் உடல், நீண்ட இறகு, கருப்பு உடல், குறுகிய இறகு என்று வரிசையாகச் சொல்லி, பழைய சேர்க்கை 83 விழுக்காடு, புதிய சேர்க்கை 17 விழுக்காடு என்று ஒப்புவித்துவிடுவேன். அந்தப் பதினேழு எதை அளக்கிறது என்று எவரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். அதற்குப் பொருள் கண்டவர் அப்போது என்னைப் போலவே இளநிலை வகுப்பு மாணவர், ஏறத்தாழ என் வயதினர் என்று படித்தபோது, வியப்போடு சற்றே வெட்கமும் வந்தது. அவர்தான் ஆல்பிரட் ஹென்றி ஸ்டர்டிவன்ட்.

1891 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஜாக்சன்வில்லில், ஆறு குழந்தைகளில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஏழு வயதில் குடும்பம் அலபாமாவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே வேளாண்மை செய்தார். உழவர் வீட்டு ஏழைப் பிள்ளை என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. அவருடைய பாட்டனார் ஒரு கல்லூரியின் தலைவராக இருந்தவர். தந்தை சிறிது காலம் கணிதம் கற்பித்தவர். படிப்பு அவ்வீட்டுக்குப் புதிதன்று. ஆயினும் அவருக்கு மரபியலின் வாசலைத் திறந்தது நூலகமன்று; தந்தையின் குதிரைகள்! எந்தக் குதிரைக்கு எந்த நிறக் குட்டி பிறந்தது என்று சிறுவயதிலேயே வம்சாவளி எழுதி வைத்தார். எங்கள் வீட்டில் என் அம்மாவும் ஆடுகளின் மூன்று தலைமுறை நிறத்தைத் தவறாமல் சொல்வார். எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

1908-இல் அவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அருகிலிருந்த பார்னார்டு கல்லூரியில் ஆசிரியராயிருந்த அண்ணன் எட்கரின் வீடே அவருக்கும் வீடாயிற்று. மெண்டலியம் பற்றிய ஒரு நூலைப் படித்ததும், தம் குதிரைகளின் நிறங்களையும் அவ்விதிகளால் விளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அண்ணன் ஊக்குவிக்க, எழுதியதை எடுத்துக்கொண்டு பேராசிரியர் தாமஸ் ஹண்ட் மார்கனிடம் சென்றார். 1910-இல் அது ஆய்விதழில் அச்சேறியது. மார்கனின் ஆய்வறையில் அம்மாணவருக்கு ஒரு மேசையும் கிடைத்தது.

அந்த அறை பழ ஈ அறை எனப் புகழ்பெற்றது. அகலம் 16 அடி, நீளம் 23 அடி. அதற்குள் எட்டு மேசைகள். பால் புட்டிகளில் வாழைப்பழக் கூழ். அதில் டிரோசோபிலா ஈக்கள். ஸ்டர்டிவன்ட்டுக்கு நிறக்குருடு உண்டு. புதிய கண்நிறங்களைக் கண்டுபிடிப்பதில் தோழர் கால்வின் பிரிட்ஜஸ்தான் வல்லவர். ஆனால் எண்களைப் பார்க்க வேறு கண் வேண்டும்.

இங்கே சோதனைக் கலப்பைச் சொல்லியாக வேண்டும். ஓங்கு பண்பு தன் இணையை மறைத்துவிடும். சாம்பல் நிற ஈக்குள் கருப்புக்குரிய ஜீன் ஒளிந்திருப்பது வெளியே தெரியாது. எனவே இரு பண்புக்கும் கலப்பான பெண் ஈயை, இரு பண்பிலும் ஒடுங்கிய ஆணோடு சேர்க்கிறோம். அந்த ஆண் தரும் ஜீன்கள் எதையும் மறைக்கமாட்டா. ஆகவே பிறக்கும் ஈயின் தோற்றமே தாயின் முட்டையில் இருந்தது இன்னதென்று காட்டிக்கொடுத்துவிடும். இரு ஜீன்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்தால் நால்வகை ஈக்களும் சமமாகப் பிறக்கும். ஒரே குரோமோசோமில் பிணைந்திருந்தால் பெற்றோர் வகையே மிகும். குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட அளவுக்கு மட்டும் புதுவகை பிறக்கும். அதுதான் நம் பதினேழு! டிரோசோபிலாவில் ஆண் ஈக்குக் குறுக்கே கலத்தல் இல்லை. ஆகவே கலப்பினம் தாயாகத்தான் இருக்கவேண்டும். கலப்பின ஆணைப் போட்டுவிட்டுப் பதினேழு என்றெழுதி மதிப்பெண் இழந்தவன் நான்.

ஸ்டர்டிவன்ட் எடுத்துக்கொண்டவை எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஜீன்கள். ஆண் குஞ்சுக்கு அந்தக் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், ஒவ்வோர் ஆணும் தானே ஒரு சோதனைக் கலப்பு ஆகிவிடுகிறது.

ஜீன்கள் தொலைவில் இருந்தால் பிரிவது மிகும், நெருங்கியிருந்தால் குறையும் என்று மார்கன் கருதினார். 1911-இன் பிற்பகுதியில் ஒருநாள் ஆசிரியரும் மாணவரும் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். அப்படியானால் இந்த விழுக்காடுகளைக் கொண்டே ஜீன்களின் வரிசையையும் கண்டுவிடலாமே என்று மாணவருக்குப் பொறிதட்டியது. எண்ணிக்கைகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். கல்லூரிப் பாடங்களை ஒதுக்கிவிட்டு இரவின் பெரும்பகுதியும் விழித்திருந்தார். உலகின் முதல் குரோமோசோம் வரைபடம் பிறந்தது!

1913-இல் வெளியான கட்டுரையிலுள்ள எண்களைப் பாருங்கள். வெள்ளைக் கண்ணுக்கும் செந்தூரக் கண்ணுக்கும் இடையே 29.7. செந்தூரக் கண்ணுக்கும் சிற்றிறகுக்கும் 3.0, 573 ஈக்களில் 17 மட்டுமே மாறியவை. வெள்ளைக்கும் சிற்றிறகுக்கும் 33.7. ஒரே சாலையில் மூன்று ஊர்களின் தூரம் தெரிந்தால் நடுவிலுள்ள ஊர் எதுவென்று சொல்லிவிடலாம் அல்லவா? செந்தூரம் நடுவில் நின்றால் இரு துண்டும் சேர்ந்து 32.7, நேரில் எண்ணியதோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. நானே தாளில் கூட்டிப் பார்த்தபோதுதான் ஒப்புவித்த பாடம் எனக்கு விளங்கியது.

ஆனால் நெடுந்தூரத்தில் கணக்கு உதைத்தது. வெள்ளைக்கும் வளர்ச்சி குன்றிய இறகுக்கும் இடையே சிறு துண்டுகளைக் கூட்டினால் 56.6, நேரில் எண்ணினால் 45.2 தான். இருமுறை குறுக்கே கலந்தால் முனைகளிலுள்ள ஜீன்கள் பழையபடியே சேர்ந்துவிடும், எண்ணுபவர் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதை அவர் உணர்ந்தார். ஆகவேதான் சிறு தூரங்களைக் கூட்டியே வரைபடம் அமைத்தார். அந்தச் சிறு முரண்பாட்டை மூடி மறைக்காததே என்னைக் கவர்ந்தது. மஞ்சள் உடல், வெள்ளைக் கண், செந்தூரக் கண், சிற்றிறகு, குன்றிய இறகு என்ற அவரது வரிசை இன்றைய வரைபடத்திலும் மாறவில்லை. நூறில் ஒன்று என்னும் அவ்வலகுக்குப் பின்னர் சென்டிமார்கன் என்று பெயரிட்டனர். மாணவர் வகுத்த அளவு ஆசிரியர் பெயரால் வழங்குகிறது!

1914-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1928-இல் மார்கனோடு கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார். 1933-இல் நோபல் பரிசு மார்கனுக்கு மட்டுமே கிடைத்தது. மார்கனோ பரிசுத் தொகையைத் தம் பிள்ளைகளோடு ஸ்டர்டிவன்ட், பிரிட்ஜஸ் இருவரின் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளித்தார்.

1954-இல், அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் துகளால் கேடில்லை என்று அரசுத்தரப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, எவ்வளவு சிறிய கதிர்வீச்சும் பிறக்கப்போகும் தலைமுறைகளின் ஜீன்களைக் கெடுக்கும் என்று அறிவியலார் அவையில் எடுத்துரைத்தார். 1965-இல் மரபியலின் வரலாற்றை நூலாக எழுதினார். அந்த ஓர் இரவை அதில் சில வரிகளில் முடித்துக்கொண்டார். 1970 ஏப்ரல் 5 அன்று பாசடீனாவில் காலமானார்.