அப்பா தலையில் ஒட்டிய ஒயர்கள்

இந்த மாதம் விஞ்ஞானி பகுதிக்கு நான் எழுதுவது ஹான்ஸ் பெர்கர் பற்றி. இவரை எனக்குத் தெரிய வைத்தது எங்க அப்பாவோட குறட்டை!

அப்பா லாரி டிரைவர். எட்டு மணி நேரம் தூங்கினாலும் பகலில் கண் சொக்கும். ஒருநாள் வண்டி ஓட்டும்போதே அசந்துட்டார். கிளீனர் அண்ணன் கத்தினதால் தப்பித்தார்கள். அப்புறம்தான் டாக்டர், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வந்து தூங்கச் சொன்னார். துணைக்கு நானும் போனேன். தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு எல்லா இடத்திலும் ஒயர் ஒட்டினார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு சின்னக் குழாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து அறை கம்ப்யூட்டரில் கோடு கோடாக அலைகள் ஓடின. மனித மூளையின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் பெர்கர் என்று அங்கே இருந்த அக்கா சொன்னார். வந்ததும் தேடிப் படித்தேன்.

பெர்கர் 1873-ல் ஜெர்மனியில் பிறந்தார். வானவியல் படிக்கத்தான் ஆசைப்பட்டார். இராணுவப் பயிற்சியில் இருந்தபோது ஒருநாள் குதிரையிலிருந்து கீழே விழுந்தார். எதிரே பீரங்கி வண்டி! நூலிழையில் உயிர் பிழைத்தார். அதே நாளில், தூரத்து ஊரில் இருந்த அவர் அக்காவுக்கு மனசு பதறி, அப்பாவை நச்சரித்துத் தந்தி அடிக்க வைத்தாராம். தன் பயம்தான் அக்கா மனசுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெர்கர் நம்பினார். அந்தச் சக்தியைக் கண்டுபிடிக்கவே மருத்துவம் படித்து, யேனா நகரில் மனநல மருத்துவர் ஆனார்.

பல வருஷம் தோல்விதான். மூளையின் மின்சாரம் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு மட்டுமே. 1924-ல் அறுவை சிகிச்சை நடந்த 17 வயதுப் பையனின் தலையிலிருந்து முதல் அலை கிடைத்தது. ஆனாலும் கருவியின் கோளாறா இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம். சொந்த மகன் கிளாஸ் தலையிலும் திரும்பத் திரும்பச் சோதித்தார். ஐந்து வருஷம் கழித்து 1929-ல்தான் வெளியிட்டார். பலரும் நம்பவில்லை. நோபல் பரிசு பெற்ற இங்கிலாந்து விஞ்ஞானி ஏட்ரியன் 1934-ல் சோதித்துப் பார்த்து உண்மைதான் என்று காட்டிய பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஹிட்லர் ஆட்சியில், நோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய உத்தரவிட்ட மன்றத்தில் அவரும் பங்கு வகித்தார். அது பெரிய தவறு. கடைசியில் மனச்சோர்வு நோயால் 1941-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அவர் தேடிய சக்தி கிடைக்கவே இல்லை. கிடைத்தது வேறு. 1937-ல் அமெரிக்காவில் லூமிஸ் குழுவினர் அந்த அலைகளை வைத்தே தூக்கத்தைப் பல நிலைகளாகப் பிரித்தார்கள். 1953-ல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்மணிகள் வேகமாக அசையும் தூக்கத்தைக் கண்டார்கள். நாம் அதிகமாகக் கனவு காண்பது அப்போதுதான்.

அப்பா ரிப்போர்ட் வந்தது. தூக்கத்தில் மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டிருக்கிறது. அதனால் மூளை அடிக்கடி அரைகுறையாக விழித்திருக்கிறது. அப்பாவுக்கே தெரியாது! நாங்கள் எட்டு மணி நேரத் தூக்கம் என்று நினைத்தது தூக்கமே இல்லை. அதைக் காட்டிக்கொடுத்தது தலையில் ஒட்டிய அந்த ஒயர்கள்தான். இப்போது மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றழுத்தம் தரும் மெஷினோடு தூங்குகிறார். குறட்டை இல்லை. பகலில் சொக்குவதும் இல்லை.

நண்பர்களே, உங்க வீட்டில் யாராவது பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி, பகலில் தூங்கி வழிந்தால் என்னை மாதிரி சிரிக்காதீங்க. டாக்டரிடம் கூட்டிப் போங்க!

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு