அண்ணனுக்கு வெள்ளிக் குழாய் செய்த பிராங்க்ளின்

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று உலகுக்குக் காட்டியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அவர் தம் அண்ணனுக்காகச் செய்வித்த ஒரு சிறு கருவியைப் பற்றிப் பலர் அறியமாட்டார்கள்.

ஏழைக் குடும்பம்

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை கொழுப்பைக் காய்ச்சி சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். மொத்தம் 17 பிள்ளைகள். பெஞ்சமின் பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டுகள். 10 வயதில் தந்தையின் பட்டறையில் வேலைக்கு நின்றார். பிறகு அச்சுத் தொழில் கற்றார். 17 வயதில் பிழைப்பு தேடி பிலடெல்பியா சென்றார். சொந்தத்தில் அச்சகம் வைத்தார். பத்திரிகை நடத்தினார். 1737-ல் அந்த நகரின் போஸ்ட் மாஸ்டர் ஆனார்.

அண்ணனின் துயரம்

அண்ணன் ஜான் அவரைவிட 15 வயது மூத்தவர். தந்தையின் தொழிலையே செய்தவர். அவருக்குச் சிறுநீர்ப்பையில் கல். சிறுநீர் கழிக்க முடியாமல் துடித்தார். அந்நாளில் உள்ளே செலுத்திய குழாய் பெரும்பாலும் விறைப்பான உலோகம். அதனால் உண்டாகும் வேதனை சொல்லி மாளாது. வளையும் குழாய் ஒன்று கிடைக்குமா என்று ஜான் ஏங்கினார்.

வெளியே சொல்லக் கூசும் நோய் என்று தம்பி ஒதுக்கிவிடவில்லை. மனதில் யோசனை தோன்றியதும் வெள்ளி வேலை செய்பவரிடம் விரைந்தார். வேலை முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கம்பியின் மேல் வெள்ளியைச் சுருட்டிச் செய்த, வளைந்து கொடுக்கும் குழாய் தயாராயிற்று. 1752 டிசம்பரில் தபாலில் அனுப்பினார். மேலே கொழுப்பைத் தடவினால் வழுவழுப்பாக இருக்கும் என்றும், பருமனாகத் தோன்றினால் சிறிதாக்கிக் கொள்ளலாம் என்றும் கடிதத்தில் விளக்கியிருந்தார். கொழுப்பு ஜானுக்குப் புதிதல்லவே!

வளையும் குழாய் செய்ய அவருக்கு முன்பே ஐரோப்பாவில் சிலர் முயன்றதுண்டு. ஜான் 1756-ல் காலமானார்.

தமக்கும் அதே நோய்

முதுமையில் பிராங்க்ளினுக்கும் சிறுநீர்ப்பையில் கல் வந்தது. வண்டியின் குலுக்கலைத் தாங்க முடியவில்லை. 1785-ல் பிரான்சிலிருந்து ஊர் திரும்பியபோது, கோவேறு கழுதைகள் சுமந்த அரச பல்லக்கில் கடற்கரை வரை சென்றார். ஆனாலும் முடங்கிவிடவில்லை. 81 வயதில், 1787-ல், அமெரிக்க அரசியல் சட்டம் வகுத்த மாநாட்டில் கலந்துகொண்டார். 1790 ஏப்ரல் 17-ந் தேதி மறைந்தார்.

இன்று

1930-களில் அமெரிக்க டாக்டர் போலி, நுனியில் சிறு பலூன் உள்ள ரப்பர் குழாயை உருவாக்கினார். பலூனில் நீரை நிரப்பினால் குழாய் நழுவாது. இன்று டாக்டர்கள் கதீட்டர் என்று போடுவது பெரும்பாலும் இதுதான். மாதக்கணக்கில் இதோடு வாழ்பவர்கள் உண்டு. பையைக் காலில் கட்டி, மேலே வேட்டியோ பேண்ட்டோ அணிந்து வெளியே போய்வருகிறார்கள்.

குழாயைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். அது உடலில் நுழையும் இடத்தை தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கட்டும்; தரையில் படக்கூடாது. குழாய் மடங்காமலும் இழுபடாமலும் தொடையில் ஒட்டிக்கொள்ளலாம். டாக்டர் தடுக்காவிட்டால் தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் நின்றாலோ, குளிர் காய்ச்சல் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். குழாய் உறுத்தினால் பொறுத்துக்கொண்டு இராமல் டாக்டரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம். ஜான் வாய்விட்டுச் சொன்னதால்தான் தம்பி எழுந்து ஓடினார்.