தந்தை தந்த தமிழ்

சமண முனிவர் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றித் தந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அப்பணிக்கு முன்னே நிற்பது அவர்தம் தந்தையார் வேங்கடசுப்பையரின் தியாகமாகும்.

இசைவாணரான தந்தையார், 1855இல் பிறந்த தம் மைந்தரும் இசைவல்லவராதல் வேண்டும் என விரும்பினார். மைந்தரின் உள்ளமோ தமிழை நாடியது. இராமாயணக் கதை சொல்லிப் பெற்ற பொருளே குடும்பத்திற்கு ஆதாரம். ஆயினும் தமிழாசிரியர் கிடைக்கும் இடம் தேடி அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என ஊர்தோறும் குடிபெயர்ந்தார். 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனை ஒப்படைத்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலத் தொடங்கிய மகன், ஆசிரியரின் உள்ளக் குறிப்பறிந்து அதனைக் கைவிட்டார். தந்தையாரின் நெடுநாள் விருப்பம் அத்துடன் நின்றது. தமிழ்க் கல்வி நிற்கவில்லை.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்ற சாமிநாதையர், பெற்றோரைத் தம்முடன் வைத்துப் பேணினார். சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, சிந்தாமணி ஏடுகளைத் தேடினார். அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று ஐயம் தெளிந்தார்.

அக்காப்பியத் தலைவன் சீவகன், தான் பிறக்குமுன்னரே தந்தை சச்சந்தனை இழந்தவன்; சுடுகாட்டில் பிறந்து, வணிகன் கந்துக்கடனால் வளர்க்கப்பெற்றவன். அவன் வரலாற்றைத் தமிழுலகிற்கு மீட்டளித்த பெருமகனுக்கோ பெற்ற தந்தையும், தந்தையென அன்பு காட்டிய ஆசிரியரும் ஒருங்கே வாய்த்தனர். தம் விருப்பத்தை விடுத்து மகனின் விருப்பத்தை வளர்த்த தந்தையை, சிந்தாமணி பயில்வோர் நன்றியுடன் நினைத்தல் தகும்.