மார்ஷல் நூலின் விலை

ஆல்ஃபிரட் மார்ஷலின் ‘பொருளியல் கோட்பாடுகள்’ நூலைப் பல்லாண்டுகள் கற்பித்தேன். அதன் விலையைக் கவனித்ததில்லை. பதிப்பாளர் பிரெடரிக் மேக்மில்லனுக்கும் மார்ஷலுக்கும் இடையிலான கடிதங்களைப் படித்தபோதுதான், அந்த விலையே ஒரு பாடம் என்று விளங்கியது.

1851இல் பிறந்த பிரெடரிக், புத்தகக் கடையில் வேலை பழகிப் பதிப்பாளராக உயர்ந்த டேனியல் மேக்மில்லனின் மகன். அக்காலப் பிரிட்டனில் கடைக்காரர்கள் ஷில்லிங்குக்கு 3 பென்ஸ் தள்ளுபடி தந்து போட்டியிட்டு, இலாபமின்றி நலிந்தனர். 1890இல் மார்ஷலின் நூலைத் தள்ளுபடிக்கு இடமில்லாத நிகர விலையில், 12 ஷில்லிங் 6 பென்ஸுக்கு, பிரெடரிக் வெளியிட்டார். போட்டியை ஆராய்ந்த நூலைக் கொண்டே போட்டிக்கு அணையிட்டது வேடிக்கைதான்! 1900இல் வணிகம் முழுவதற்கும் நடைமுறையான அவ்வேற்பாடு 1995இல்தான் குலைந்தது. நுகர்வோர் பக்கமே நின்று பழகிய என் மனம், இவ்வழக்கில் மட்டும் சிறுகடைக்காரர் பக்கம் சாய்கிறது.